நல்ல கிருமிகளுக்கான சீனி

என் வயிறு கல்லாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு டப்பா மாவு கொடுத்தார். அதுவும் ஒருவகைச் சீனியாம். நமக்குச் செரிக்காதாம், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத்தான் சாப்பாடாம். ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றாதாம்.

"ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டிதான், அங்கிள். கூடிப் போனா வயிறு கச்சேரி வைக்கும்."

கூட வந்த என் மனைவி நாச்சியம்மை காதில் விழுந்தது, சர்க்கரை ஏறாது என்பது மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் மீனுவைப் பெண் பார்க்க, தங்காக் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கண்ணப்பன் தன் மகன் ஆதவனோடு ஜொகூர் பாருவுக்கு வந்தார். பிள்ளைகள் இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இந்த மனுஷர் தலையாட்டுவதுதான் பாக்கி.

"எனக்கு சுகர். காப்பியில சீனி வேணாம்," என்றார் வந்ததும்.

நல்ல காரியத்துக்கு வந்தவருக்குச் சப்பென்று காப்பியா? நாச்சியம்மைக்கு மனசு கேட்குமா? என் டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டாள். மத்தியானம் அவருக்கென்று தனியாக வைத்த பாயசத்தில் மிச்சத்தையும் கொட்டினாள். ருசித்துக் குடித்தார்.

பிறகு ஏப்பம் விட்டபடி பேச்சை எடுத்தார். "பொண்ணு விடியறதுக்கு முன்னாடி பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகுது. எப்பக் குடும்பம் நடத்தும்? யோசிச்சுச் சொல்றோம்."

யோசிச்சுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தமென்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியாதா? அடுப்படி வாசலில் மீனுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவர் வயிறு பேசியது. தொடர்ந்து இன்னொரு சத்தம். ஆதவன் மின்விசிறியைப் பார்த்தான். கண்ணப்பன், "டாய்லட் எங்க?" என்று கேட்டபடியே ஓடினார். ஓடியது கொஞ்சம் தாமதம்.

"நல்லதுன்னுதானே போட்டேன்," என்று நாச்சியம்மை காலி டப்பாவைக் காட்டினாள். அடிப்பாவி.

வெகுநேரம் கதவு திறக்கவில்லை. போய்த் தட்டினேன்.

"அண்ணே, என் வேட்டி ஒண்ணு தரட்டா?"

"வேணாம். அந்நியர் வீட்டு வேட்டிய நான் கட்டுறதில்ல."

வீட்டில் இருப்பதே ஒரு டாய்லட். அதையும் அடைத்துக்கொண்டு வீம்பைப் பாருங்கள்.

"அப்ப சம்பந்தி வீட்டு வேட்டின்னு நெனச்சுக் கட்டுங்க லா," என்று கத்திவிட்டேன்.

உள்ளே வயிறு மட்டும் ஒருமுறை உறுமியது. மீனு மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். கதவு ஒரு சாண் திறந்து, கை மட்டும் வெளியே வந்தது.

"சரிகை வச்சதாக் குடுங்க, சம்பந்தி."