உறை போட்ட கொடி

“கார்க் கண்ணாடிய ஏத்தி விட்டுக்க, ஒண்ணும் ஆகாது” என்று சின்னவரிடம் சொல்லிவிட்டுத் தூதர் சலவை வேனில் ஏறி, அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அந்தச் சின்ன தூதரகத்தில் அவர்தான் பெரியவர். அவருக்கு அடுத்த அதிகாரியை எல்லோரும் சின்னவர் என்றார்கள். நல்லது கெட்டதில் கெட்டது முழுக்கச் சின்னவர் பக்கம்தான் வந்து சேரும்.

“பத்து மணிக்கு என் கார் வழக்கம்போல கடைத்தெரு வழியா போகணும். நீ பின்னாடி உட்காரு. நான் ஊருக்குள்ளதான் இருக்கேன்னு வெளிய கல்லோட நிக்கிறவனுங்க நம்பணும். பிளேன்ல ஏறினதும் போன் பண்றேன்.”

“என்னை நீங்கன்னு நினைச்சு அடிச்சா சார்?”

பெரியவருக்குக் காது கேட்கவில்லை. வேண்டாத கேள்விக்கு அவர் காது எப்போதுமே கேட்காது. அவர் மனைவிதான் மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “தம்பி, பிரிட்ஜ்ல சாப்பாடு வச்சிருக்கேன். பட்டினி கிடக்காதே.” சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்ற பிறகு எல்லோருக்கும் ஆக்கிப் போட்டது அந்த அம்மாதான்.

இரண்டு நாட்டுக்கும் எல்லைத் தகராறு முற்றியதிலிருந்து ஊர் அவர்களைக் கரித்துக் கொட்டியது. விசாவுக்கு வரிசை நின்ற இடத்தில் இப்போது கல்லோடு நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரன் சின்னவரின் முகத்துக்கு நேரே ஷட்டரை இறக்கினான். போன வாரம் தோட்டக்காரரின் மண்டை உடைந்தது. நேற்று சின்னவரின் மனைவி போனில் கெஞ்சவில்லை, திட்டினாள். “அந்தாளுக்கு நீங்க என்ன கேடயமா? கூப்பிட்டா வயித்து வலின்னு படுத்துக்கங்க.” படுத்திருக்கலாம். வெட்கங்கெட்டுப் போய்ப் படுக்கத் தெரியவில்லை.

பத்து மணிக்குக் கார் கேட்டைத் தாண்டியதும் கும்பல் சூழ்ந்தது. ஓங்கிய கைகளைப் பார்த்துச் சின்னவர் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். கல் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஓங்கிய கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான்.

“எடுபிடிதான்டா. விடுங்க.”

அப்போதுதான் சின்னவர் காரின் முன்பக்கம் பார்த்தார். கொடிக்குத் தோல் உறை மாட்டியிருந்தது. தூதரகத் தலைமையில் இருப்பவர் காரில் இருந்தால்தான் கொடி விரியும், இல்லாவிட்டால் உறை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. உள்ளூர்க்காரன் எவனையும் நம்பாத பெரியவர் டிரைவரிடம் திட்டத்தைச் சொல்லவே இல்லை. பின் சீட்டில் சின்னவரைக் கண்டதும் டிரைவரின் கை தானாக உறையை மாட்டிவிட்டது. ஊரையே ஏமாற்றக் கணக்குப் போட்டவர் கோட்டைவிட்ட இடம் இதுதான். சின்னவருக்குச் சிரிப்புகூட வந்தது. போன உயிர் திரும்பிவிட்டது.

“அப்ப பெரியவன் எங்கடா?” என்றது வெளியே ஒரு குரல்.

“காலையில ஒரு வேன் போச்சே, விமான நிலையத்துப் பக்கம்.”

விமான நிலையத்துக்கு ஒரே ரோடு. மோட்டார் சைக்கிள்கள் உறும ஆரம்பித்தன. பெரியவரிடமிருந்து போன் இன்னும் வரவில்லை.

சின்னவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, அவர் ஊரை விட்டுக் கிளம்பிட்டாரு. அது தெரியக் கூடாதுன்னுதான் என்னை உட்கார வச்சாரு.”

டிரைவருக்கு முகம் வெளுத்தது. “பழக்கத்துல மாட்டிட்டேன் சார்.” பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “என் தப்பாவே இருக்கட்டும். நீங்க கவனிக்கலைன்னு சொல்லிடுங்க. புள்ளகுட்டிக்காரர் நீங்க.”

சொல்லிவிடலாம். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். பெரியவர் மட்டும் வேனில் போயிருந்தால் சின்னவர் கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏற்றியிருப்பார். மூட்டைக்குப் பின்னாலிருந்து நீண்ட அந்த அம்மாவின் தலைதான் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நின்றது. பெரியவர் போய்விட்டால் அடுத்தவர்தான் தலைமை. அப்படிப் பார்த்தால் கொடி இப்போது இவருடையது. கொடி விரிந்தால், கையில் கிடைத்த தலைவனை விட்டுவிட்டுக் கும்பல் வேனைத் துரத்தாது, இங்கேயே நிற்கும்.

“நாசமாப் போக” என்று பெரியவரைத் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தார்.

“சார், வேணாம்…”

வெயில் கண்ணில் குத்தியது. உறையின் பொத்தான் துருவேறி, நகம் பிய்ந்துதான் கழன்றது. கைக்குட்டை அளவுக் கொடி காற்றில் விரிந்தது. முதல் மோட்டார் சைக்கிள் நின்றது, பிறகு மற்றவையும். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

சட்டைப் பையில் போன் அடித்தது. பெரியவரா, மனைவியா என்று எடுத்துப் பார்க்கக் கை ஒழியவில்லை. ஒரு கையில் உறை இருந்தது. மறு கையால் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.