ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட கேடயங்கள்

என் தம்பி முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் நாலு அறை விட்டுத் திருத்தியிருப்பேன். பல் டாக்டர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுக்கும் லேபில் அவனுக்கு வேலை. ஒரு பல்லின் அச்சைக் கொடுத்தால் போதும். அந்தப் பல்லில் இருக்கிற விரிசல், தேய்மானம், எதையோ கடித்து உடைத்துக்கொண்ட மூலை வரைக்கும் அப்படியே இன்னொன்று செய்து நீட்டிவிடுவான். அங்கே இருப்பதிலேயே சுத்தமான கை அவனுடையதுதான் என்று முதலாளியே சொல்வார். அவ்வளவு கெட்டிக்காரக் கை, ஆனால் வாய் மட்டும் வேண்டிய நேரத்தில் திறக்காது. அதனால்தான் பெண்டாட்டி போனாள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்கள்.

அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். இவன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், தனி ஆள், இரண்டு அறை வீடு. மகள் அம்மாவிடம் இருப்பாள், சனிக்கிழமை மட்டும் இவனிடம் வருவாள் என்று பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குப் பதிமூன்று வயது. நான் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை விடிந்தால் என் தம்பி சவரம் செய்துகொள்வதைப் பார்க்க வேண்டும், ஏதோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

ஒருநாள் வாலு போன் செய்தாள். "அப்பா, இனிமே சனிக்கிழமை எனக்கு கிளப் இருக்குப்பா. வர முடியாது."

என்ன கிளப் என்று விசாரித்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுண்டுவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் போர்வீரர்கள். அவர்களைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டி, மயிரிழை பிரஷ்ஷால் சாயம் பூசி, பெரிய மேசையில் பொம்மை மலை, இடிந்த வீடு எல்லாம் வைத்து, அளவு நாடாவால் அளந்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு ஹால். சேர்த்துவிட்டவர் அவளுடைய அம்மாவின் புதுப் புருஷன். எப்போது பார்த்தாலும் பெட்டியும் கையுமாக வெளியூர் போய்க்கொண்டே இருப்பதால் நான் அவருக்கு சூட்கேஸ்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

"அப்போ நானும் வந்து ஆடறேன்டா கண்ணா" என்றான் என் தம்பி போனில். ஆட்டத்தின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

கடையில் போய் ஒரு பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னான். "அடேய், இந்த விலை பொம்மைக்கா, உசிரோட வந்து சண்டை போடற ஆளுக்கா?" என்று கேட்டேன். பத்தே பத்துப் பேர் உள்ள பெட்டி அது. வீட்டுச் செலவுக்கு அவன் எனக்கு மாதம் தருவதைவிட அதிகம்.

வாங்க முடியாதென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று உட்கார்ந்தான். லேபில் மிஞ்சிய மெழுகில் தலைகளைச் செதுக்கினான். கம்பியை வளைத்துக் கைகால். நிற்க வைக்கச் சோடா மூடி. டீத்தூள் சக்கையைக் காயவைத்துப் பச்சைச் சாயம் தோய்த்துப் புல் என்றான். மாத்திரை அட்டைப் பெட்டிகளைக் கிழித்து இடிந்த கோட்டை கட்டினான். என் சமையல் மேடையில் ஒரு பல்குச்சியை வைக்க இடமில்லை. கத்தினேன், காதிலேயே வாங்கவில்லை. அவன் அப்படிச் சந்தோஷமாக உட்கார்ந்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, அதனால் பிறகு கத்தவில்லை.

முதல் சனிக்கிழமை போய்விட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபிறகு சொன்னான். வாலு மாடிப்படியின் கீழேயே அவனுக்காகக் காத்து நின்றிருக்கிறாள்.

"அப்பா, உள்ளே வந்து அப்பான்னு காட்டிக்காதப்பா. என்னை இங்கே சேர்த்துவிட்டாரே, எல்லாரும் அவரைத்தான் எங்கப்பான்னு நினைச்சிட்டிருக்காங்க. நானும் ஆமான்னுட்டேன்."

"சரிடா. அப்போ நான் யாரு?"

"தெரிஞ்சவர்."

"பெத்தவன் தெரிஞ்சவனாடா? நீயும் தலையை ஆட்டிட்டு வந்தியா?" என்றேன்.

"சின்னப் பொண்ணுக்கா. ஒரு தடவை சொல்லிட்டா, இப்போ எப்படி மாத்துவா? பசங்க கிண்டல் பண்ண மாட்டாங்களா? நேரம் வரும்போது அவளே சொல்லுவா."

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிஞ்சவராகப் படியேறினான். சோடா மூடிப் பட்டாளத்தை அங்கே முதலில் கேலி செய்தார்களாம். அப்புறம் பழகிப்போய், சும்மா ஆடுகிற மேசையில் இவனுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் வாலு. அவள் இவனை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே இவன் ஆட்களைச் சாய்ப்பாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

பெரிய போட்டி ஒன்று வந்தது. வேறு ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள், குழுவாக ஆட வேண்டும். வாலுவிடம் பாதிப் படைதான் இருந்தது. சூட்கேஸ்காரர் பரீட்சை முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். வாலு தன் படையில் கேடயம் பிடித்த வீரர்களில் ஒருவனைக் கொண்டுவந்து இவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதே மாதிரி நிறைய வேணும்ப்பா. எங்கேயாவது பழசு கிடைக்குமா பாரேன். போட்டி அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நீதான் எங்கப்பான்னு. ப்ராமிஸ்."

இது போதாதா அவனுக்கு? மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் லேபிலேயே அந்த வீரனைச் சிலிகானில் அழுத்தி அச்செடுத்தான். பல் செட்டில் ஈறு செய்வதற்கென்று ஒரு ரோஸ் நிற அக்ரிலிக் இருக்கிறது, அதில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி ஊற்றினான். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மேசை முழுக்க ஈறு நிறத்தில் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள்.

"என்னடா இது, பல்லு செட்டு பட்டாளமா?"

"சாயம் அடிச்சா தெரியாதுக்கா."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூக்கு, மீசை, காலணி வார் எல்லாம் அச்சு அசல். பாதத்துக்கு அடியில் கம்பெனி முத்திரைகூட விழுந்திருந்தது. கேடயத்தின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதிலும் அதே இடத்தில் வெட்டு. எல்லாவற்றிலும் இருந்தது.

"இது ஏன்டா இப்படி?"

"வாலு குடுத்ததே ஏற்கெனவே கீழே விழுந்து கேடயம் உடைஞ்சதுதான். ஒரிஜினல்ல இருக்கறதுதானே காப்பியில வரணும்? நானா அதை ரொப்பி வெச்சா அது என்ன வேலை?"

அவனுக்கு என்மேல் வருத்தம்கூட. பல் வேலையில் அதுதான் பெருமை. ஆளின் வாயில் இருக்கிற கோணலை நேராக்கிவிட்டால் பல் செட்டு பொருந்தாது. அந்தப் புத்தியோடு போர்வீரன் செய்தால் இப்படித்தான் வரும். எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

வாலுவிடம் கொடுத்த அன்று நானும் இருந்தேன். "அப்பா, நீயே செஞ்சதா? நிஜமாவா?" என்று நடுத்தெருவில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் தம்பி அப்படியே உருகிப்போய் நின்றான். அவளை நான் திட்டியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்கு மறந்துபோயிற்று.

போட்டி அன்று நானே அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நானும் கூடவே போனேன். அப்பா என்று அவள் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும், அதற்குத்தான். சூட்கேஸ்காரர் வழக்கம்போல ஊரில் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஹால் நிறையக் கூட்டம். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவர் படையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர், கழுத்தில் அளவு நாடா, கையில் சின்னக் கத்தி. வாலு தன் சிப்பாய்களை அடுக்கி வைத்திருந்த தட்டுக்கு வந்தார். முதலில், "நல்லா பெயின்ட் பண்ணியிருக்கே" என்றார். வாலுவின் முகம் மலர்ந்தது. ஒருவனை எடுத்துக் கேடயத்தைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு அடுத்தவனை எடுத்தார். அதற்கடுத்தவனை எடுத்தார்.

"எல்லாருக்கும் ஒரே இடத்துல வெட்டா?" என்றார் நடுவர். ஒருவனைத் தலைகீழாகத் திருப்பிப் பாதத்தைக் கத்தியால் சுரண்டினார். ரோஸ் நிறம் தெரிந்தது. யாரோ ஒரு பையன், "ஐயே, ஈறு மாதிரி இருக்கு" என்றான். சிரித்தார்கள்.

"இது திருட்டு அச்சும்மா. முத்திரையோட அடிச்சிருக்காங்க. தெரிஞ்சே கொண்டு வந்திருந்தா போட்டியிலேருந்தும் கிளப்லேருந்தும் உன்னை நீக்கணும். யாரு குடுத்தது?"

வாலுவின் குழுவில் இருந்த இரண்டு பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். நான் அவள் தோளை ஒட்டி நின்றிருந்தேன். அவள் நிமிர்ந்து என் தம்பியைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. சொல்லுடி என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லித்தொலை, எங்கப்பா எனக்காக ராத்தூக்கம் இல்லாமல் செய்தார் என்று சொல். கிளப் போனால் போகட்டும். அவள் சொல்லவில்லை. குனிந்து அந்தத் தட்டையே பார்த்தாள்.

வேண்டிய நேரத்தில் வாயே திறக்காத என் தம்பி அன்றைக்குத் திறந்தான்.

"நான்தான் சார் வித்தேன். ஒரிஜினல்னு சொல்லி வித்தேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் நடுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். வாலுவைப் பார்த்தவள் நான். பிடித்துவைத்திருந்த மூச்சை அவள் விட்டாள். விறைத்திருந்த தோள் இரண்டும் இறங்கின. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்ததும் எனக்குக் கை லேசாகுமே, அப்படி அவளுக்கு உடம்பே லேசாயிற்று. அவளுக்கு நிம்மதி. அதை நான் பார்த்தேன், பார்த்திருக்கவே கூடாது.

"சின்னப் பொண்ணை ஏமாத்த வெக்கமா இல்லையாய்யா?"

"தப்புதான் சார்."

"இவ்வளவு கைவேலை தெரிஞ்ச ஆளு, நீயா சொந்தமா செதுக்கியிருக்கலாமே? அதை யாரு தடுக்கறாங்க? அதுக்குத் தனியா பரிசே இருக்கு. அடுத்தவன் பொருளை அச்சடிச்சுப் பொழைக்கறே. இனிமே இந்தப் படியை மிதிக்காதே."

நான் வாயைத் திறந்துவிட்டேன். "யோவ், அவன் யாருன்னு தெரியுமா..." என்று ஆரம்பிப்பதற்குள் என் தம்பி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். வலித்தது. "அக்கா, வா" என்றான். அந்தப் பிடியில் நான் அடங்கிப்போனேன்.

சிப்பாய்களை எல்லாம் நடுவர் ஓர் அட்டைப்பெட்டியில் வாரிப் போட்டார். குழுப் பிள்ளைகள் தங்கள் ஆட்களில் கொஞ்சம் வாலுவுக்கு இரவல் கொடுத்தார்கள். நாங்கள் கதவருகே போகும்போது நடுவர் அவளிடம் தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எதையும் வாங்காதேம்மா. எது வாங்கறதா இருந்தாலும் அப்பாவைக் கூட்டிட்டுப் போய் வாங்கு, என்ன?"

"சரி சார், அப்பாகிட்ட சொல்றேன்" என்றாள் வாலு.

என் தம்பிக்கும் அது கேட்டிருக்கும். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனபிறகு அவனே ஆரம்பித்தான்.

"படியை மிதிக்கக் கூடாதுன்னுதானேக்கா சொன்னாரு? கீழே டயர் கடை வாசல்ல நிக்கலாம்ல? அவ வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை பார்த்துக்கலாம்."

"நிக்கலாம்டா."

"ஜெயிச்சிருப்பாளா?"

"ஜெயிச்சிருப்பா."

ஒரு நிறுத்தம் வந்து போயிற்று. அவன் இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்க்கா. குறுக்கே பேசலேன்னா அவ சொல்லியிருப்பா. சொல்லத்தான் வாயைத் திறந்தா. நீ பக்கத்துலதானே நின்னே, பார்த்தேல்ல?"

மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இவன் பெண்டாட்டி போனபோதுகூட, போனது உன்னாலதான்டா என்று முகத்துக்கு நேரேதான் சொன்னேன்.

"பார்த்தேன்டா" என்றேன். "அப்பான்னு சொல்ல வந்துட்டா. அதுக்குள்ள நீ விழுந்து பேசிட்டே."

"அதானே" என்றான். சிரித்தான். நான் டிக்கெட் எடுப்பதுபோல் பையைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.