மிக்கேலின் மூன்று புள்ளி

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை மிக்கேல். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டு எடுத்து நகத்தின் மேல் நிறுத்திப் பார்த்த பிறகுதான் அதை அடுப்பில் வைக்க விடுவான். மாதா கோயில் திருவிழா ஏலத்தில் எடுத்த சேவலை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "நாம கேட்ட சேவல் இது இல்லியே" என்று திரும்பிப் போய்ச் சண்டை போட்டவன். சாமியாரே சிரித்துவிட்டார்.

அவனையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஓமலூரில் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறவன் அவன். தேய்ந்த டயரை ரீட்ரேடிங் கடையில் கொடுத்தால், பழைய கூட்டின் மேலேயே புது ரப்பர் ஒட்டித் தருவார்கள். நம் கூடு நல்ல கூடாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு எவனுடைய ஓட்டைக் கூட்டிலோ ரப்பர் ஒட்டித் தந்துவிடுகிற கடைக்காரனும் உண்டு. மேலே பார்த்தால் இரண்டும் பளபளவென்று ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் மிக்கேல் டயரைக் கடைக்கு அனுப்புமுன் உள்பக்கத்தில் பழுக்கக் காய்ச்சின கம்பியால் மூன்று புள்ளி வைத்துவிடுவான். திரும்பி வந்ததும் முதலில் கையை உள்ளே விட்டுத் தடவுவான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்ததோ, கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் அகப்படாத ஒரு வியாதி. அது வந்தது அவன் மனைவி இன்பமேரிக்கு. முதலில் ஒரு கண்ணில் புகை மூட்டம் போல வந்து, சில வாரங்களில் தானாகத் தெளிந்தது. பிறகு இடக்கால் மரத்துப்போனது, அதுவும் தெளிந்தது. ஒருநாள் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள். அடுத்த வாரம் சந்தைக்கு நடந்தே போய் வந்தாள். இஞ்சின் கெட்டால் கெட்டதுதான், மெக்கானிக் கை வைக்காமல் அது தானாக ஓடாது என்று பழகினவன் மிக்கேல். "காலு வரலீங்க" என்று அவள் உட்காருகிற நாளெல்லாம் அவனுடைய அக்கா விருந்துக்கு வருகிற நாளாகவே அவனுக்குப் பட்டது. நடிக்கிறாள் என்றே நினைத்தான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதைத் தன்னுடைய பெரிய மனசு என்றும் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் அமுதவல்லி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"உடம்பைக் காக்கற அணுக்களே ஆள் தெரியாம இவங்க நரம்பு மேல இருக்கிற உறையைக் கடிச்சிட்டிருக்குதுங்க. இவங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல்லைப் பிரிச்சு எடுத்து வெளியில பத்திரமா வெச்சுக்குவோம். அப்புறம் கடுமையான மருந்து குடுத்து உள்ள இருக்கற அந்தக் கூட்டத்தை அழிச்சிருவோம். எடுத்து வெச்சதைத் திருப்பி உள்ள விட்டா, புதுசா முளைக்கிறது ஒழுங்கா முளைக்கும்."

"பழையபடி நடப்பாளுங்களா?" என்றான் மிக்கேல்.

"போன நரம்பு போனதுதாங்க. இதுக்கு மேல போகாம நிறுத்தறதுக்குத்தான் இது. எல்லாருக்கும் பலிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆபத்தும் இருக்குதுங்க."

சத்தியம் பண்ணுகிறவன் சின்னத் திருடன், சத்தியமே பண்ணாதவன் பெரிய திருடன் என்பது மிக்கேலின் கணக்கு. அவளிடமிருந்து எடுத்ததை அவளுக்கே திருப்பித் தருவதற்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று அங்கேயே அவன் மூளை அரிக்கத் தொடங்கிவிட்டது. அவன் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோதே இன்பமேரி, "எனக்குச் சம்மதமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டெம் செல் எடுத்த அன்று அவனும் கூடவே இருந்தான். அவள் ரத்தம் ஒரு குழாய் வழியே மெஷினுக்குள் போய்ச் சுற்றி இன்னொரு குழாய் வழியே திரும்பியது. மேலே தொங்கிய பையில் தக்காளிச் சாறு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. மிக்கேல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல சரக்காக இருந்தால் வேறு யாருக்காவது போய்விடாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நர்ஸ் தஹ்சீன் மெஷின் பக்கம் திரும்பிய நேரத்தில், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பையின் கீழ் மூலையில் அழுத்தி மூன்று புள்ளி வைத்தான். இன்பமேரி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அன்று சாயங்காலம்தான் அவன் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. கடுமையான மருந்து என்று டாக்டர் சொன்னது சும்மா இல்லை. இன்பமேரிக்குத் தலைமுடி மொத்தமும் போயிருந்தது. வாயெல்லாம் புண். யாரும் நெருங்கக் கூடாது என்று கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். மிக்கேல் முகமூடியும் அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்வான். அவளை அப்படிப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலை அந்தப் பைக்காகவே காத்துக் கிடந்தது.

பை வந்தது. உறைய வைத்திருந்ததைப் புகை கக்கும் பாத்திரத்திலிருந்து எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வெந்நீரில் வைத்து உருக்கினார்கள். டாக்டர் பையில் இருந்த பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்தார், தஹ்சீன் இன்பமேரியின் கைப்பட்டையைப் பார்த்து ஒத்துச் சொன்னாள். பையை மாட்டிக் குழாயை இணைத்தாள். மிக்கேல் குனிந்து கீழ் மூலையைப் பார்த்தான். பிறகு மேல் மூலைகளையும், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான்.

புள்ளி இல்லை.

"நிறுத்துங்க!" குழாயை அவன் விரல்கள் நெரித்துப் பிடித்துவிட்டன. "இது என் சம்சாரத்தோடது இல்லீங்க. நான் அந்தப் பையில அடையாளம் வெச்சேன். இதுல இல்ல."

டாக்டர் அவசரமாகச் சொன்னார்: "எடுத்த பைய அப்பிடியே உறைய வெக்க மாட்டோமுங்க. லேப்ல வேற பைக்கு மாத்துவோம். இது அந்த வேற பை."

"டயர்க்கடைக்காரனும் இப்பிடித்தாங்க சொல்லுவான்."

"பேரு, நம்பர் எல்லாம் இருக்குது பாருங்க."

"ஸ்டிக்கர எவன் வேணும்னாலும் ஒட்டலாமுங்க."

"சார், உருகின செல்லு வெளிய ரொம்ப நேரம் தாங்காது. இவங்க உடம்புல இப்ப எதுவுமே மிச்சமில்ல. இது உள்ள போகலீன்னா..." டாக்டர் இன்பமேரியைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மிக்கேல் பையைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். டாக்டர் சொல்வது பொய்யாக இருந்தால் எவளுடையதோ இவள் உடம்பில் ஏறும். மெய்யாக இருந்தால் தன் கையாலேயே இவளைக் கொன்றவனாவான். கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. உண்மையில் அவன் பயந்துபோயிருந்தான்.

"ஏனுங்க," என்றாள் இன்பமேரி. புண் வாயோடு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஒரு நாளு நான் தூங்கறேன்னு நெனச்சு எங் காலுல ஊசி குத்திப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

மிக்கேல் இதுவரை யாரிடமும் சொல்லாதது அது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. இடது பாதத்தில் ஊசியால் ஒரு குத்து, பிறகு இன்னும் ஆழமாக ஒன்று. அவள் அசையவில்லை. மறுநாள்தான் அவளைக் காரில் ஏற்றி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான்.

"வலிக்கலீங்க. ஆனா நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். குத்தித்தான் நம்போணும்னா குத்திக்கட்டும்னு பேசாமக் கெடந்தேன்." மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு எதுல குத்திப் பாப்பீங்க? கைய எடுங்க. என்ர உசுரு, நான் நம்பறேன்."

அவன் எடுத்தானா, விரல்கள் தாமாக விட்டனவா தெரியாது. தஹ்சீன் குழாயைத் திறந்துவிட்டாள். இளஞ்சிவப்பாக இறங்கி அது அவள் மார்பில் செருகியிருந்த குழாய்க்குள் போனது. உறையும்போது செல் கெடாமலிருக்கக் கலந்திருந்த மருந்தின் வாடை, பூண்டு வாசம் போல அறை முழுக்க அடித்தது. கொஞ்ச நேரத்தில் பை சுருங்கித் தொங்கியது. டாக்டர் நாடியையும் மெஷினையும் பார்த்துவிட்டு வெளியே போனார்.

தஹ்சீன் காலிப் பையைக் கழற்றிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு புள்ளிங்களா சார்? கீழ் மூலையில?"

"ஆமாங்க." மிக்கேல் அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"லேப்ல பாத்துட்டு எனக்குத்தான் மெமோ குடுத்தாங்க. பைமேல பேனா படக் கூடாது சார். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா ஓட்டை விழுந்திருக்கும், அம்மாவோட செல்லு மொத்தமும் வீணாப் போயிருக்கும். எழுதினது நான் இல்லேன்னு சொன்னேன். யாரும் நம்பல."

மிக்கேலுக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கியது. புள்ளி வைத்த பை ஒழுங்காக லேப்புக்குப் போயிருக்கிறது, அவள் பெயரோடு போயிருக்கிறது! "டாக்டருகிட்ட நானே வந்து சொல்றனுங்க, குத்தம் என்ரதுதான்னு" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் ஓடினான்.

"மேரி, அது உன்னோடதேதான்! நெசமாலுமே உன்னோடதுதான்!"

இன்பமேரி கண்ணைத் திறக்கவில்லை. "அது எப்பவோ உள்ள போயிருச்சுங்க" என்றாள்.

மிக்கேல் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்று, கையுறை போட்ட கையை அவளுடைய இடது பாதத்தின் மேல் வைத்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டாளா, இல்லை கை வைத்ததே அந்தக் காலுக்குத் தெரியவில்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கத் துணிவும் வரவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.