நனைந்த திராட்சை இலைகள்

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அடிச்சாம்பல் நோய் விழுந்த சேதி கேட்டதிலிருந்து ஷஹாத்தாவுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. நோய் தன் திராட்சைக் கொடிக்கும் வந்திருந்தால் மருந்தடித்தாக வேண்டும். மருந்து பட்ட இலையில் எவள் சோறு வைத்துச் சுருட்டி வேகவைப்பாள்? தளிர் இலை விற்றுத்தான் கோடைவரைக்கும் அவன் வீட்டு அடுப்பு எரியும். நாளைக்கு வியாபாரி வண்டி வருகிறது.

விவசாய ஆபீஸிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ரதீபா ட்ரோனைப் பறக்கவிட்டாள். அதிலிருந்த காமிரா, நம் கண்ணுக்கு எட்டாத நிறங்களையும் பிரித்துப் பார்க்குமாம். இலையில் புள்ளி விழுமுன்பே நோயைக் காட்டிக்கொடுக்குமாம்.

திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "மாமா, இலையெல்லாம் ஈரமா இருக்கே. மழையா பெஞ்சுது?"

"இல்லம்மா. ஒரே ரோட்டுப் புழுதி. விருந்தாளி வர்ற நேரத்துல வாசல்ல தண்ணி தெளிக்கிறதில்லையா, அப்பிடித்தான் பைப்பப் பிடிச்சு..."

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அவன் மனைவி இன்சாஃப். "கல்யாணப் பொண்ணக் குளிப்பாட்டுற மாதிரி ஒவ்வொரு கொடியா கழுவினாரு."

ரதீபா சிரிக்கவில்லை. ஈரம் இருந்தால் காமிராவுக்கு எல்லாம் குழம்பிப்போகும், காயட்டும் என்றாள். மூவரும் தேநீரோடு உட்கார்ந்தார்கள். ஷஹாத்தாவின் கிளாஸ் ஆறிப்போயிற்று. எழுந்து போய் இலையைத் தொட்டுப் பார்ப்பான், வந்து உட்காருவான்.

காய்ந்தபின் மறுபடி பறக்கவிட்டாள். திரை முழுக்கப் பச்சை. கால்வாய் ஓரத்து மூலையில் மட்டும் நோயைக் காட்டும் சிவப்பு. ஷஹாத்தா ஓடிப்போய் அங்கே ஓர் இலையைப் பறித்துப் புரட்டினான். ஒரு மாசு இல்லை.

"அந்த மூலைக்கு மட்டும் மருந்தடிச்சாப் போதுமாம்மா?"

"நீங்க இலையக் கழுவாம இருந்திருந்தா அது போதுமாயிருந்திருக்கும், மாமா. இந்த நோய் தண்ணியிலதான் தாவும். இன்னைக்கு எங்கெல்லாம் தெறிச்சுதோ தெரியாது. புதுசா ஒட்டினது காமிராவுக்கே தெரிய நாலஞ்சு நாளாகும்."

"அதுவரைக்கும் பொறுத்தா?"

"வந்திருந்தா கொடியே போயிரும். வராமலும் இருக்கலாம். என்னால சொல்ல முடியல."

இன்சாஃப் வழக்கம்போல் மகன் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். "ஹைதம் அப்பா, வியாபாரிக்கு என்ன சொல்லட்டும்?"

அவன் பச்சை பச்சையாய் நின்ற வரிசைக்குள் போய் இன்னும் இரண்டு இலையைப் புரட்டினான். எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"வர வேணாம்னு சொல்லிடு" என்றான். "எல்லாக் கொடிக்கும் மருந்த நானே கலக்குறேன். நீ கிட்ட வராத."