காலிக் கால்

மூன்றாவது முறை வணங்கக் குனிந்தபோது மகன் ஜிங்போ பெய்லானின் இரண்டு தோள்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த லாவ் ஜியாங்கை நின்று பார்க்கக்கூட விடாமல் அவளை நிமிர்த்தித் திருப்பிவிட்டான். விழுந்துவிடுவாளாம்! கட்டின புருஷனுக்குச் செய்யும் கடைசி வணக்கத்தைக்கூட ஒழுங்காக முடிக்க விடவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தகனம் முடிந்து வீடு திரும்பும்போதும் அதே பேச்சுதான்.

"இந்த ஹான்டான்ல இனி யாரும்மா இருக்கா உனக்கு? போன வருஷம் குளியலறையில விழுந்தது மறந்துபோச்சா? என்கூட ஷென்ஜென் வந்துரு."

"அதுக்கப்புறம் நான் விழலடா."

"அப்பா பக்கத்துல இருந்தாரு."

அது உண்மைதான்.

விழுந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் அவளைப் பூங்காவுக்கு இழுத்துப்போய் மெல்ல மெல்லக் கைகால் அசைக்கும் தைச்சிப் பயிற்சி செய்யவைத்தவர் அவர்தான். எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் நிற்பார். உடம்பைத் தாங்குவது நிறைகால், தாங்காதது காலிக்கால் என்பது அங்கே எல்லோருக்கும் பாடம். காலை முழுசாகக் காலி செய்யாமல் தூக்கினால் ஆள் சாய்ந்துவிடும். "காலி பண்ணு, காலி பண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் முழங்கைக்கு அடியில் ஒற்றை விரலை வைத்திருப்பார். "ஏன்யா, வீட்டை வாடகைக்கு விட்டவன் மாதிரியே பிடுங்குற?" என்று சிரிப்பாள். முந்தாநாள் பூங்காவுக்குக் கிளம்பியவர், ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு கதவோர முக்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மாடிப்படி வாசலில் கீழ்வீட்டு ஹூ ஒரு பழைய சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி வைத்திருந்தாள். சாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அந்த நெருப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஜிங்போ ஒரே எட்டில் தாண்டினான். அப்புறம்தான் அம்மாவின் கால்களைப் பார்த்தான்.

"அம்மா சுத்தி வரட்டும் அத்தை."

"சுத்தி வர்றதா? நல்லாருக்கே! பீடை அவ பின்னாலயே படியேறும்டா."

"அப்ப நான் தூக்கிக்கிறேன்."

"நான் என்ன மாவு மூட்டையா? தள்ளி நில்லு" என்றாள் பெய்லான்.

தள்ளி நின்றான், ஆனால் கைகளை நீட்டியபடியே நின்றான். அவள் உடம்பை வலது காலுக்கு மாற்றினாள். இடது குதிகால் எழும்பியது, உடனே தரைக்கே வந்துவிட்டது. இடப்பக்கத்தில் யாருமே இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகையும் முட்டியது.

"காலி பண்ணு" என்றாள் சத்தமாக. "காலி பண்ணு."

ஜிங்போவின் முகம் மலர்ந்துவிட்டது. "சரிம்மா, அடுத்த வாரமே வீட்டைக் காலி பண்ணிரலாம். இப்ப கையக் குடு."

அவள் கையைக் கொடுக்கவில்லை. இடது கால் மெல்ல மேலெழுந்து, நெருப்பைக் கடந்து, அந்தப்பக்கம் போய் ஊன்றியது. உடம்பு முழுக்க அதில் இறங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு வலது காலும் வந்தது.

"அடியாத்தி!" என்றாள் ஹூ.

"வீட்டை இல்லடா" என்றாள் பெய்லான் மகனிடம். "நீ பின்னால வா."

வலது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடப்பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, படியேறத் தொடங்கினாள்.