நாண் இறக்காத வில்

பீமராவ் இறந்த பிறகு பிரான்சி முதன்முதலாக வில்லை எடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் பார்த்துவிட்டாள்.

ஜீயபுரத்தில் நல்லுசாமி என்பவரின் வாழைத்தோப்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு தரிசு கிடந்தது. அதன் கோடியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, காகித இலக்கை ஒட்டி, பிரான்சியும் பீமராவும் பல வருஷமாக அங்கேதான் அம்பு விட்டுப் பழகினார்கள். அவள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிடுகிறவர். இருவரிடமும் காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் உருளை வைத்தது. பாதி இழுத்ததும் உருளைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு சாவகாசமாக நாணில் பதித்திருக்கும் மிளகளவுத் துளைக்குள் கண்ணை வைத்துக் குறி பார்க்கலாம். அந்தத் துளைக்கு பீப் என்று பெயர்.

மாசி மாதத்தில் ஒரு காலை, அம்புகளைப் பிடுங்கிவர பீமராவ் நடந்து போனார். ஒன்றிரண்டைப் பிடுங்கினார். பிறகு வைக்கோல் கட்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன சார், முள்ளா?" என்று பிரான்சி இங்கிருந்து கேட்டாள்.

பதில் இல்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை. உட்கார்ந்தபோதே இதயம் நின்றிருக்கும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார்.

சித்திரையில் அவள் மறுபடி அங்கே போய் நின்று, வில்லை இழுத்து, பீப்பில் கண்ணை வைத்தாள். இலக்கின் அடியில், வைக்கோலில் சாய்ந்து, காலை நீட்டி, தலையைக் குனிந்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அதே நீலச் சட்டை. அவள் அம்பை விடாமல் மெல்ல நாணைத் தளர்த்தினாள். வெறுங்கண்ணுக்கு அங்கே வைக்கோல் மட்டும்தான். மறுபடி இழுத்தாள். மறுபடி இருந்தார்.

அடுத்த வாரமும் அப்படியே. பீப்பை மாற்றினாள். கண் மருத்துவரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பீமராவ் அவளைப் பயமுறுத்தவில்லை, எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. ஆனால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே எப்படி அம்பு விடுவது?

பீப் இல்லாத வில்லாக வாங்கிவிடலாம் என்று ஆடி மாதம் அவளுக்குத் தோன்றியது. உருளை, துளை, குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லாத ரிகர்வ் வில். மரக்கைப்பிடி, முனையில் வளைந்த இரண்டு கைகள், ஒரு நாண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்த இடத்தில் விடுவது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாசில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அவரும் வில் பிடிக்கிறவர்தான். கடைக்குப் பின்னால் நீளமான கிடங்கில் இலக்கு போட்டிருந்தார்.

"நாற்பத்தஞ்சு பவுண்டு இழுப்பு இருக்கறதா குடுங்க பாசில். அதானே இப்ப இழுக்கறேன்."

"காம்பவுண்ட்ல இருந்து வர்ற எல்லாரும் இதத்தான் கேப்பாங்க மேடம். சரி, இழுத்துப் பாருங்க" என்று சிரித்தார் அவர்.

இழுத்தாள். இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போனது. பழக்கத்தில் உருளை வந்து சுமையை வாங்கிக்கொள்ளும் என்று உடம்பு காத்திருந்தது. வரவில்லை. நாண் தாடையைத் தொடும் முன்பே தோள் நடுங்கியது.

"இதுல கடைசி வரைக்கும் உங்க கைதான் தாங்கணும். முப்பதுல ஆரம்பிங்க" என்றார் பாசில். அவள் ஆசையாகத் தொட்டுப் பார்த்த ஒரு குட்டை வில்லையும் அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினார். "பாக்க அழகா இருக்கும். ஆனா உங்க கை நீளத்துக்கு நாண் விரலைக் கிள்ளும். நீளமானதா எடுத்துக்குங்க. வில்லோட கை ரெண்டையும் கழட்டி மாட்டறது ஒண்ணு இருக்கு. தோள் பழகினதும் கொஞ்சம் கனமான கை மட்டும் வாங்கிப் போட்டுக்கலாம்."

அவர் கொடுத்த முப்பது பவுண்டு வில் தாடை வரை வந்தது. இரண்டு கண்ணையும் திறந்தபடி பிரான்சி இலக்கைப் பார்த்தாள். அதன் அடியில் சிமெண்ட் தரை. யாரும் இல்லை. விரல்கள் எரியும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க மேடம். பிடிச்சிட்டே நிக்காதீங்க."

அம்பு இலக்கைத் தாண்டிச் சுவரோரச் சாக்கில் குத்தியது. அவளுக்குக் கண் கலங்கியது. பாசில் அது தவறவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

"ராவ் சாரும் இங்கதான் ரிகர்வ் வாங்கினார்" என்றார், அம்பைப் பிடுங்கிக்கொண்டே. "ஐம்பது பவுண்டு. வேண்டாம்னேன், கேக்கல. பழகிட்டு வந்து திடீர்னு காட்டணும், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். அது வீட்டுல சும்மாதான் கிடக்கும். கேட்டுப் பாக்கறீங்களா?"

தனக்கான வில் அதுவல்ல என்று பிரான்சிக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அந்த வில்லைப் பார்க்காமல் வேறொன்றை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.

பீமராவின் மனைவி பிரேமலதா ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். தபால் ஆபீசில் வேலை.

"வா பிரான்சி. வில்லுதானே? உள்ள இருக்கு, வா."

உள்ளறையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அது சாய்ந்து நின்றது. கருப்பு மரம், தூசி படிந்திருந்தது. நாண் ஏற்றியபடியே இருந்தது. இந்த வகை வில்லை எடுக்கும்போது நாண் ஏற்றி, வைக்கும்போது இறக்கிவிட வேண்டும்.

"அவர் போன அன்னைக்கிலிருந்தா இப்படியே இருக்குக்கா?"

"அன்னைக்குக் காலையில அவர் ஏத்தினது. கயித்தைக் காலில மிதிச்சு, மூச்சுப் பிடிச்சு ஏத்தினார். 'ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன், வந்து இழுத்துப் பழகணும், அப்படியே இருக்கட்டும்'னார். நான் தூசிகூடத் தட்டல." பிரேமலதா வில்லின் பக்கம் பார்த்தாள். "இதை ஏத்தினதுலதான் அவருக்கு..."

"இல்லக்கா. அடைப்பு ரொம்ப நாளா இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரே."

"சொன்னார்." பிரேமலதா கட்டிலில் உட்கார்ந்தாள். "மத்தியானத்துல இந்த வில்லு சத்தம் போடும். யாரோ விரலால சுண்டினாப்ல, ஒரே ஒரு தடவை. ஜன்னலைச் சாத்தினாலும் போடும்."

பிரான்சி வில்லைத் திருப்பி முனையிலிருந்து பார்த்தாள். வில்லின் கீழ்க்கை முறுக்கியிருந்தது. நாண் நடுவில் ஓடாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தது.

"இதை நீயே எடுத்துக்கோ. அவருக்கும் அதான் பிடிக்கும். நாணை மட்டும் இறக்காதே" என்றாள் பிரேமலதா.

"ஏன்க்கா?"

"அதுல இருக்கற இழுப்பு அவர் கை இழுத்தது. இறக்கிட்டா அதுவும் போயிடும்."

பிரான்சி வில்லைக் கட்டிலின் மேல் படுக்கவைத்தாள். "இது எனக்கு ரொம்பக் கனம்க்கா. முப்பதுக்கே தோள் நடுங்குது. அதுமட்டுமில்ல, கீழ்ப்பக்கம் முறுக்கிக்கிச்சு. இப்படியே விட்டா ஒருநாள் நாண் நழுவி வில் தானா புரண்டு அடிக்கும். பக்கத்துல நீங்க இருந்தா கண்ணே போயிடும்."

"எதுக்கு நீ வில்லை மாத்தற? நல்லாதானே விட்டுட்டு இருந்தே?"

பிரான்சி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறையில், அந்த வில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொய் சொல்ல வாய் எழவில்லை. பீப்புக்குள் பார்த்ததைச் சொன்னாள்.

பிரேமலதா கட்டிலிலிருந்து எழுந்தாள். பிறகு கேட்ட குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது.

"உன் கண்ணுக்கா வந்தார்? இந்த வீட்டுல நான் ஒருத்தி ராத்திரி பகலா உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு தடவைகூட வரலியே."

"அக்கா..."

"என்னைக் கூட்டிட்டுப் போ. அந்தத் துளையில நான் பாக்கணும். பாத்துட்டு வந்து நாணை இறக்கிக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜீயபுரம் போனார்கள். ஆடிக் காற்றில் வாழை இலைகள் கிழிந்து படபடத்தன. பிரேமலதா அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. பிரான்சி அம்பு மாட்டாமல் தன் காம்பவுண்ட் வில்லை அவள் கையில் கொடுத்தாள். பிரேமலதா இழுத்தாள். நாண் சாண் அளவுகூட வரவில்லை. இழுக்காதவரை துளை கண்ணுக்கு நேரே வராது. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். வரவில்லை. வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நீ பாரு. பாத்துச் சொல்லு."

பிரான்சி இழுத்துக் கண்ணை வைத்தாள். பக்கத்தில், தோளோடு தோளாக, பிரேமலதாவின் மூச்சு கேட்டது.

"இருக்காரா?"

"இருக்கார்."

"முகம்?"

உங்களைத்தான் பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரான்சிக்கு அது நாக்கு நுனி வரை வந்தது.

"குனிஞ்சிருக்கார்க்கா. நம்மளப் பாக்கல."

"வலிக்குதா அவருக்கு?"

"இல்ல. நடந்து களைச்சு உக்காந்தா மாதிரி இருக்கார்."

"போதும், இறக்கு."

பிரான்சி நாணைத் தளர்த்தி வில்லைக் கீழே வைத்தாள். பிரேமலதா செருப்பைக் கழற்றிவிட்டு இலக்கை நோக்கி நடந்தாள். வைக்கோல் கட்டின் அடியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். தலை மெல்லக் குனிந்தது.

இங்கிருந்து பார்க்க அவரைப் போலவே இருந்தது.

"அக்கா!"

பதில் இல்லை.

"அக்கா! பிரேமாக்கா!"

வாழை இலைகளின் சத்தம் மட்டும்தான். பிரான்சி ஓடினாள். கட்டாந்தரையில் கால் இடறி, முட்டி சிராய்த்து, எழுந்து ஓடினாள். கிட்டே போய்த் தோளைப் பிடித்து உலுக்கியபோது பிரேமலதா கண்ணைத் திறந்தாள்.

"கூப்பிட்டது கேட்டுச்சு" என்றாள் மெதுவாக. "பதில் சொல்லணும்னு தோணல. எங்கேயோ ரொம்ப தூரத்துல யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

பிரான்சி அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். மாசியிலிருந்து அவள் அழவே இல்லை. பிரேமலதா அவள் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே ஸ்ரீரங்கம் திரும்பி நாணை இறக்கினார்கள். நாணேற்றும் கயிறு அலமாரியில் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் வில்லின் இரண்டு நுனிகளிலும் பிரான்சி மாட்டிக் கொடுத்தாள்.

"நீங்களே மிதிங்கக்கா. கைப்பிடியை நேரா மேல தூக்குங்க. முகத்தை ஒதுக்கி வச்சுக்குங்க. நான் நாணோட மேல் முனைக் கண்ணியை நழுவ விடறேன்."

பிரேமலதா கயிற்றை இரு காலாலும் மிதித்து, மூச்சுப் பிடித்துத் தூக்கினாள். முதல் தடவை அசையவில்லை. பிரான்சியும் ஒரு கை கொடுத்தாள். வில் முனகியபடி வளைந்தது. கண்ணி தளர்ந்தது. பிரான்சி அதை நழுவ விட்டாள். இருவரும் மெல்ல மெல்லக் கையைத் தாழ்த்த, வில் தன் போக்கில் நிமிர்ந்தது. நாண் தளர்ந்து தொங்கியது.

"அவ்வளவுதானா?" என்றாள் பிரேமலதா.

"அவ்வளவுதான்க்கா."

பிரேமலதா நாணைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வில்லையும் நாணையும் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். பிரான்சி மறுக்கவில்லை. மறுநாள் பாசில் கடைக்குப் போய், ஒதுக்கி வைத்திருந்த முப்பது பவுண்டு வில்லை வாங்கிக்கொண்டாள். காம்பவுண்டை அவரிடமே விட்டுவிட்டாள். யாருக்கு விற்பீர்கள் என்று கேட்கவில்லை.

வாரக் கடைசியில் பிரேமலதா போன் செய்தாள்.

"சத்தம் நின்னுபோச்சு பிரான்சி."

"நல்லதுக்கா."

"ம். மத்தியானம் ஆனா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நின்னுதான் போச்சு."

இப்போது பிரான்சி ஞாயிறுதோறும் ஜீயபுரத்தில் தனியாக அம்பு விடுகிறாள். பாதி அம்புகள் வைக்கோலைத் தவறவிட்டு வரப்பில் குத்துகின்றன. தோள் வலிக்கிறது, விரல் காய்த்துவிட்டது. இரண்டு கண்ணையும் திறந்துதான் விடுகிறாள். இலக்கின் அடியில் யாரும் இல்லை. ஆனால் அம்பு பிடுங்கப் போகும்போது அவள் நேராகப் போவதில்லை. ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் அளவு இடத்தை விட்டு, மிதிக்காமல், சுற்றிக்கொண்டு போகிறாள்.