வெடிப்பின் குறுக்கே

ஏணியின் ஆறாவது படியில் தங்கமுத்து கால் வைத்தபோது, கீழே பிடித்துக்கொண்டு நின்ற தச்சர் ஜமால்தீன் அண்ணாந்து பார்த்தார்.

"பாத்து ஏறுங்க மகள். இன்னொரு பெட்டி அடிக்க என்னட்டப் பலகை இல்ல."

யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு இரண்டு நாள். ஊரில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். அவளுடைய அப்பா மேசன் கனகசுந்தரம் ஓடவில்லை. நேற்றுக் காலை ஓர்ஸ் ஹில் வீட்டில், கதிரையில் இருந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருடைய சவப்பெட்டி இப்போது மெதடிஸ்த கோயில் வாசலில் இருந்தது. உள்ளே கொண்டுவரப் போதகர் ஆனந்தராசா விடவில்லை. அவர் மாற்றலாகி வந்து மூன்று மாதந்தான்.

"குண்டு அதிர்ச்சியிலை வளைவு வெடிச்சுப்போச்சு, தங்கமுத்து. ஆக்களுக்கு மேலை விழுந்தால்? சவக்காலையிலை ஜெபம் வைப்பம்."

"முப்பது வருசம் இந்தச் சுவரைப் பழுதுபார்த்த மனுசனை வெளியிலை வைச்சு அனுப்ப ஏலாது ஐயா. இது பழைய வெடிப்பு. மேலை அடிச்ச வெள்ளை உதிர்ந்ததாலை இப்ப தெரியுது."

"அதெப்பிடித் தெரியும்?"

அதற்குத்தான் ஏணி.

பீடத்துக்கு மேல் எழுந்த அந்த வளைவில் இரும்பே கிடையாது. கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுண்ணாம்பு பிடிக்க, கல்லைக் கல் தாங்கி நின்றது. ஒன்றரை முழச் சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிரும். 'கட்டினவன் கெட்டிக்காரன். அவன்ரை வேலையைக் கெடுக்காமல் விட்டாலே எனக்குப் போதும்' என்பார் அப்பா.

வெடிப்பின் மேல்நுனியில் மிஞ்சியிருந்த வெள்ளையை அவள் நகத்தால் சுரண்டினாள். இரு பக்கமும் சுண்ணாம்பால் ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்று, குறுக்கே கிடந்தது. பக்கத்தில் அப்பா ஆணியால் கீறிய ஆண்டு: 1934. இந்த எட்டு வருசத்தில் சுவர் மயிரளவு அசைந்திருந்தாலும் உடைந்திருக்கவேண்டிய கண்ணாடி. விரலால் சுண்டிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"உடையேல்லை ஐயா. ஏறிப் பாருங்கோ."

போதகர் ஏணியைப் பார்த்தார். தன் வயிற்றையும் பார்த்தார்.

"வளைவுக்கு அவ பொறுப்பு. ஏணிக்கு நான் பொறுப்பில்ல, ஐயா," என்றார் ஜமால்தீன்.

போதகர் ஏறினார், நெடுநேரம் மேலே நின்றார். இறங்கியதும் போய் நடுக்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தார். ஜமால்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.

ஆராதனைக்கு வந்தது ஒன்பது பேர்தான். இரண்டாவது பாட்டின் நடுவில், சீனன்குடா விமானத்தளப் பக்கம் போன விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் தாழப் பறந்தது. சன்னல்கள் அதிர்ந்தன. எல்லாத் தலைகளும் வளைவை நோக்கி நிமிர, பாட்டு நின்றது.

தங்கமுத்து புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த அடியைத் தொடங்கினாள்.